மட்டையை விட்டுவிட்டு ஓடுதல்

மஞ்சள் லைன் மெற்றோ ஆற்றுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது பிடிபட்டது. நான் கையில் வைத்திருந்தது ட்ராம் நேர அட்டவணை இல்லை. அது ஒரு ஸ்கோர்.

அன்று பகல் முழுக்க டவுன்டவுனில், பல்கலைக்கழக நூலகத்தில், கணினித் திரையில் பழைய பத்திரிகைகளைப் புரட்டியிருந்தேன். குதிரை இழுத்த ட்ராம் வண்டிகளைப் பற்றி வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுதவேண்டும். ஒரு பக்கத்தின் கீழ் மூலையில் இரண்டு பத்தியாகப் பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு எண்கள். எல்லாம் ட்ராம்தான் என்று நினைத்துப் போனில் படமெடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். லொங்குய்ய் போகிற ரயிலில் இருக்கை கிடைத்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் எண்ணின் தலையில் ஓட்டங்கள். இரண்டாவது எண்ணின் தலையில் ஆட்டமிழந்தது எத்தனை தரம் என்ற கணக்கு. மாமாவின் கிரிக்கெட் குழுவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் ஸ்கோர் எழுதுவேன். என் கொப்பியில் நான் போடுகிற கோடுகள் மாதிரியே இருந்தன அவை.

மேலே தலைப்பைப் பார்த்தால், பேஸ்போல்!

கடைசி நிலையத்தில் இறங்கினேன். வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, படியில் இருந்துகொண்டு முழுச் செய்தியையும் வாசித்தேன். எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு குழு ரயிலேறி மொன்றியலுக்கு வந்திருக்கிறது. விளையாடுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள். அந்தக் காலத்தில் அது புதிது. எழுதியவருக்கு ஆச்சரியமும் கொஞ்சம் எரிச்சலும். ‘வேறு தொழிலே இல்லையாம்’ என்கிற தொனி. எதிர்த்து விளையாடியவர்கள் உள்ளூர் ஆட்கள் ஒன்பது பேர், வேலை முடிந்து வந்த கணக்கர்களும் அச்சுக்கூடத்துக்காரர்களும். யார் கையிலும் கையுறை இல்லை. உள்ளூர் ஆட்கள் படுதோல்வி. இவ்வளவும் நடந்தது எங்கே என்றால், நகரத்தின் கிழக்குப் பக்கத்தில், ஒரு நாளைக்கு இரவல் வாங்கிய கிரிக்கெட் மைதானத்தில்.

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேஸ்போல் தன் குழந்தைப் பருவத்தில் கிரிக்கெட்டிடம் கொப்பியையும் இரவல் வாங்கியிருக்கிறது, நிலத்தையும் இரவல் வாங்கியிருக்கிறது. இப்போது நிலைமை தலைகீழ். மாமாவின் குழு புரோசார்ட்டில் ஒரு பேஸ்போல் திடலின் ஓரத்தில் விளையாடுகிறது. அனுமதிக் கடிதத்தோடு பேஸ்போல்காரர்கள் வந்தால் விக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு எழும்பவேண்டும்.

படியில் இருந்தபடியே முடிவெடுத்தேன். இந்த ஆட்டத்தைத் திரும்ப விளையாடிப் பார்க்கவேண்டும். கையுறை இல்லாமல் பந்து பிடிக்கிற பதினொரு பேரை எனக்குத் தெரியும்.

*

அந்தக் கிழக்குப் பக்கத்து வட்டாரத்தின் பழங்கதைகளைச் சேகரிக்கிற ஒரு சிறிய குழு இருக்கிறது. மாதம் ஒருமுறை நூலகத்தின் நிலவறையில் கூடுவார்கள். தலைவி ஓய்வுபெற்ற பஸ் சாரதி. எல்லோரும் அவரை மதாம் என்பார்கள், நானும் அப்படியே. தான் கோப்பி குடித்தபடி, பேசுகிறவர்களை பஸ்ஸில் சில்லறை தேடுகிறவர்களைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார்.

இலையுதிர்காலத்தில் அவர்கள் தெருத்தெருவாக ஒரு நடைப்பயணம் நடத்துவார்கள். எட்டு இடங்களில் நின்று கதை சொல்வார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறு பலகை இருக்கும். ஏழு இடங்கள் முடிவாகியிருந்தன. எட்டாவதற்கு ஒரு பழைய சலவைச்சாலை வரிசையில் நின்றது. நான் எழுந்து, மூச்சுவிடாமல், பாதி பிரெஞ்சும் பாதி கையசைப்புமாக என் மைதானத்தைப் பற்றிச் சொன்னேன்.

மதாம் கேட்டார்: “சலவைச்சாலைக்குச் சுவர் இருக்கிறது. உன் மைதானத்துக்கு என்ன இருக்கிறது?”

“ஒன்றும் இல்லை. இப்போது அங்கே வீடுகள்.”

“அப்படியென்றால் சனத்துக்கு எதைக் காட்டுவாய்?”

“ஆட்டத்தைக் காட்டுவேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. மதாம் கோப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவர்களிடம் தொழில்முறை ஆட்டத்தின் ஆரம்ப நாட்களது விதிகள் இருந்தன. உருண்டை மட்டை நான்கும், தோல் தைத்த பந்து சிலவும் இருந்தன. எப்போதோ ஆசைப்பட்டு வாங்கி, விளையாட எதிரணி கிடைக்காமல் பெட்டியில் கிடந்தவை. “நாங்கள் ஒன்பது பேர் சேர்வோம்,” என்றார். “நீ ஒன்பது பேரைக் கொண்டு வா. பக்கத்துப் பூங்காவில், சனம் பார்க்க, ஐந்து இன்னிங்ஸ். ஒருவருக்கும் அடிபடாமல் முடித்துவிட்டால் எட்டாவது இடம் உன்னுடையது. முடியாவிட்டால் சலவைச்சாலை.”

திகதியை என்னையே தெரிவுசெய்யச் சொன்னார்கள். ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பின்னேரம் இரண்டு மணி. விடுமுறைக்குப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள், பூங்கா வெறுமையாக இருந்தது, மழைக்காலமும் இல்லை. எல்லாவற்றையும் சரிபார்த்துத்தான் சொன்னேன் என்று நினைத்தேன்.

*

“பிள்ளை, உனக்கென்ன விசரோ?” என்றார் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பேக்கரி ஒன்றுக்கு வான் ஓட்டுகிறார். குழுவின் கப்டன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து எல்லோரும் புல்லில் விழுந்து கிடந்தபோது நான் விஷயத்தை அவிழ்த்திருந்தேன்.

“உந்தப் பேஸ்போல்காரர் ஒவ்வொரு கிழமையும் கடதாசியைக் காட்டி எங்களைக் கலைக்கிறாங்கள். நாங்கள் போய் அவங்கட விளையாட்டை விளையாடுறதோ?”

“அதுவும் சும்மா,” என்றார் விக்கெட் கீப்பர் அண்ணை. “அவங்களுக்கெண்டாச் சம்பளமாம்.”

“சம்பளம் வாங்கினது மற்ற ஆக்கள் அண்ணை. நாங்கள் தோத்த பக்கம்.”

“தோக்கிறதெண்டா எங்களுக்குப் பயிற்சி தாராளமாக் காணும்,” என்று புல்லிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

நான் போனை நீட்டினேன். கீப்பர் அண்ணை கண்ணைச் சுருக்கிக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“உதிலை மட்டைக்குப் பின்னாலை நிண்டவன் ஆர்?”

காட்டினேன்.

“வெறுங்கையாலயோ பிடிச்சவன்?”

“ஓம், வெறுங்கையால.”

அண்ணை தன் இடது சின்னவிரலைப் பார்த்தார். அது ஒரு பந்து பட்டு வளைந்த விரல். பிறகு நிமிரவே இல்லை. “நான் ரண்டு கிளவுஸ் போட்டும் இப்பிடி. பாவம், அவன்ரை கை என்ன பாடு பட்டிருக்கும்,” என்றார். அந்த அச்சுக்கூடத்துக்காரனோ கணக்கனோ, யாரோ ஒருவர் அண்ணைக்குச் சொந்தக்காரராகிவிட்டார் என்று எனக்கு விளங்கியது.

மாமாதான் அசையவில்லை. அவருக்கு ஒரு உண்மையான கவலை இருந்தது. மாமாவின் ஆட்டமே ஒரே ஒரு அடிதான். பந்தைக் கடைசி நொடிவரை வரவிட்டு, மட்டையைச் சரித்து, பின்பக்கமாகத் தட்டிவிடுவார். லேட் கட். அதை விட்டால் மாமாவிடம் வேறு சரக்கில்லை என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும், எதிரணிக்கும் தெரியும். பேஸ்போலிலோ மட்டை பிடிப்பவருக்கு முன்னால் விரிகிற இரண்டு கோடுகளுக்குள் பந்து போனால்தான் கணக்கு. பக்கவாட்டில் போனாலும் பின்னால் போனாலும் அது செல்லாத பந்து.

“அப்ப நான் அங்கை வந்து என்னத்தைச் செய்யிறது? தண்ணிப் போத்தல் தூக்கிறதோ?”

மதாம் தந்த பழைய விதித்தாளை வீட்டில் வைத்து மூன்று நாள் வாசித்தேன். நாலாம் நாள் காலை கோப்பி போடும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. கோப்பியை அப்படியே விட்டுவிட்டு மாமாவுக்குப் போன் எடுத்தேன். மாமா பாண் இறக்கிக்கொண்டிருந்தார். தட்டுகள் மோதுகிற சத்தம் கேட்டது.

“மாமா, அந்தக் காலத்து விதி வேறை. பந்து முதல் குத்து கோட்டுக்குள்ளை விழுந்தாக் காணும்.”

“பிறகு?”

“பிறகு எங்கை போனாலும் பரவாயில்லை. வெளியாலை போனாலும் நல்ல பந்துதான்.”

தட்டுச் சத்தம் நின்றது.

“பின்னாலை போனாலுமோ?”

“பின்னாலை போனாலும்.”

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: “சனிக்கிழமை எத்தினை மணிக்கெண்டு சொன்னனீ?”

பிறகு தேடிப் பார்த்தேன். சம்பளத்துக்கு விளையாடியவர்களில் சிலர் அந்தத் தட்டலையே பிழைப்பாக வைத்திருந்திருக்கிறார்கள். பார்க்கவந்தவர்களும் எதிரணிகளும் திட்டித் திட்டியே அந்த விதியை ஒழித்தார்கள். மொன்றியலுக்குச் சொந்தமாகச் சம்பளக் குழு வந்து சேர்ந்தபோது அது போய்விட்டிருந்தது. மாமா பிறந்த நாடும் பிழை, பிறந்த நூற்றாண்டும் பிழை!

*

வியாழக்கிழமைகளில் பயிற்சி. பிடிப்பதில் பிரச்சினையே இல்லை. பந்து வானத்திலிருந்து வந்தால் ஏழு கைகள் நீளும். பந்தை எறிபவர் கையைத் தோளுக்கு மேலே தூக்காமல் தாழ்வாகத்தான் எறியவேண்டும் என்பதும், உயரமாக வேண்டுமா தாழ்வாக வேண்டுமா என்று மட்டைக்காரர் கேட்டு வாங்கலாம் என்பதும் அவர்களுக்குப் பெரிய சந்தோஷம். “கடையிலை சாமான் கேக்கிற மாதிரி!” என்றார் கீப்பர் அண்ணை. “தம்பி, எனக்கு இடுப்புக்குக் கீழை ஒண்டு தாரும்.”

பிரச்சினை வேறு. மட்டை.

கிரிக்கெட்டில் மட்டையோடுதான் ஓடுவோம். ஓடிப்போய்க் கோட்டுக்கு அப்பால் மட்டையை நீட்டுவோம். பேஸ்போலில் அடித்தவுடன் மட்டையைப் போட்டுவிட்டு வெறுங்கையாக முதலாம் பேஸுக்கு ஓடவேண்டும். மைதானத்தின் நாலு மூலையில் நாலு பேஸ். சுற்றி வந்தால் ஒரு ஓட்டம். இதைவிட இலகுவான விதி உலகத்தில் இல்லை. ஆனால் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும், ஒருவர் பாக்கியில்லாமல், மட்டையோடு ஓடினார்கள். “விடுங்கோ!” என்று கத்தினால் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். ஒருவர் முதலாம் பேஸில் வந்து விழுந்து, பழக்கதோஷத்தில் மட்டையை நீட்டினார். அங்கே காவல் நின்றவர் காலைத் தூக்கித் துள்ளியிருக்காவிட்டால் முழங்கால் போயிருக்கும்.

அதே நேரத்தில்தான் மதாம் தன் சின்னக் காரில் பாலம் தாண்டி எங்களைப் பார்க்க வந்து இறங்கினார். கண்ணால் பார்த்துவிட்டார்.

“பூங்காவுக்கு என் பெயரில்தான் அனுமதி,” என்றார் என்னிடம். “இரண்டு தடவை பொறுப்பேன். மூன்றாவது மட்டை முதலாம் பேஸுக்கு வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவேன். எந்த இன்னிங்ஸாக இருந்தாலும்.”

அவர் போன பிறகு மாமாவிடம் கெஞ்சினேன். “ஏன் மாமா விடுறீங்கள் இல்லை?”

“விடத்தான் பாக்கிறன் பிள்ளை. கை வெறுமையா ஓட வருகுதில்லை. ஏதோ உடுப்பில்லாமல் ஓடுற மாதிரிக் கிடக்கு.”

நான் அன்றிரவு நித்திரையில் கூட மட்டைகள் ஓடுவதைக் கண்டேன்.

அதற்குள் அடுத்த இடி. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் அம்மா ஒரு கலியாணக் கார்டை ஒட்டியிருந்தார். குழுவின் வேகப்பந்துக்காரர்தான் மாப்பிள்ளை. புரோசார்ட் மண்டபம். அதே சனிக்கிழமை! நகரசபை நாட்காட்டி பார்த்தேன், வானிலை பார்த்தேன், பல்கலைக்கழகம் எப்போது திறக்கிறது என்று பார்த்தேன். ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் வருகிற சனிக்கிழமையில் எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் இல்லாமல் இருக்குமா என்று மட்டும் பார்க்கவில்லை.

திகதியை மாற்ற முடியாது என்றார் மதாம். அந்தக் கோடைக்கு வேறு அனுமதி கிடையாது. மாப்பிள்ளையிடம் முகூர்த்தத்தை மாற்றச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

“தாலி கட்டி, ஒரு வாய் சாப்பிட்டவுடனை வாறம்,” என்றார் மாமா. “ரிசப்சன் பின்னேரம்தானே. இடையிலை இடம் கிடக்கு.”

அம்மா என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. “தாலி கட்டுறதைப் பாக்காமல் பந்தடிக்கப் போறாளாம்,” என்று சுவருக்குச் சொன்னார்.

*

அந்தச் சனிக்கிழமை வெயில் நன்றாக இருந்தது. பூங்காவில் நான் எதிர்பார்த்ததைவிடச் சனம். தள்ளுவண்டியில் குழந்தைகள், மடக்குக் கதிரையோடு கிழவர்கள், சைக்கிளை நிறுத்திவிட்டு வேலியில் சாய்ந்தவர்கள். மதாமின் ஒன்பது பேரும் வெள்ளைச் சட்டையும் கறுப்புத் தொப்பியுமாகத் தயாராக நின்றார்கள்: ஒரு தபால்காரர், ஒரு பல் வைத்தியர், இரண்டு ஆசிரியைகள், மற்றவர்கள் அக்கம்பக்கத்தார்.

எங்கள் பக்கத்தில் நான் மட்டும்.

இரண்டு மணி. இரண்டு பத்து. மதாம் மணிக்கூட்டைப் பார்த்தார். பஸ் ஓட்டியவருக்கு நேரம் என்றால் நேரம்தான். “இரண்டரை,” என்றார். கூட்டத்தில் சலவைச்சாலைக்காக வாதாடியவர் கதிரையில் இருந்து எழுந்து கால் நீட்டினார்.

மாமாவுக்குப் போன் எடுத்தேன். “பாலத்திலை நிக்கிறம் பிள்ளை, ஒரே வாகனம்!” பின்னால் யாரோ, “பாயாசம் ஊத்துது, மெல்லப் பிடி!” என்று கத்தினார்கள்.

இரண்டரைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது மூன்று கார்கள் வந்து நின்றன. கதவுகள் திறந்தன. இறங்கினார்கள், எட்டுப் பேர். மாப்பிள்ளை வரமுடியாது, மாப்பிள்ளைத் தோழனும் வரமுடியாது, இன்னொருவர் மாமிமாரை வீட்டில் இறக்கப் போய்விட்டார். வந்தவர்களில் ஆறு பேர் பட்டுவேட்டி, பட்டுச்சட்டை, தோளில் சால்வை, நெற்றியில் சந்தனம். இருவர் கோட்டும் காற்சட்டையும். மாற்றுடுப்பு எல்லாம் மாமிமார் போன காரில்.

வேலியில் சாய்ந்தவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். இதுதான் பழைய காலத்துச் சீருடை என்று அவர்கள் நினைத்தார்களோ தெரியாது.

“எட்டுப் பேர்தான்,” என்றார் மதாம்.

“ஒன்பது,” என்று நான் என் கொப்பியைப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவின் மடியில் வைத்தேன்.

கலியாண வீட்டிலிருந்து கொண்டுவந்த வடை, கேசரி, பாயாசத்தைத் திடலின் பக்கத்தில் இருந்த மேசைகளில் இறக்கிவைத்தார்கள். எங்கள் முறை வந்தபோது முதலில் மட்டை பிடித்தது கோட்டுக்காரரில் ஒருவர். அழகாக அடித்தார். அழகாக ஓடினார். மட்டையோடு. மதாம் ஒரு விரலைத் தூக்கினார். அடுத்து மற்றக் கோட்டுக்காரர். போகும்போதே நான் காதுக்குள் சொன்னேன்: “அண்ணை, மட்டை, மட்டை.” தலையாட்டினார். அடித்தார். மட்டையோடு ஓடினார். இரண்டாவது விரல்.

முதல் இன்னிங்ஸ் பாதி கூட முடியவில்லை. இனி ஒருவர் தவறினால் எல்லாம் போச்சு.

மூன்றாவதாக வந்தார் கீப்பர் அண்ணை. பந்தைக் கேட்டு வாங்கினார். “கீழை!” என்று தமிழில் சொல்லிக் கையால் காட்டினார். அடித்தார். ஒரு அடி எடுத்துவைத்தார். பட்டுவேட்டி காலில் சுற்றியது. அண்ணை இரண்டு கையாலும் வேட்டியை முழங்காலுக்கு மேலே அள்ளினார். மட்டை அடித்த இடத்திலேயே தொப்பென்று விழுந்தது. வாளியில் தண்ணீர் தூக்குகிறவர் மாதிரி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, முதலாம் பேஸில் போய் நின்று மூச்சு வாங்கினார்.

எனக்கு நெஞ்சுக்குள் மணி அடித்தது. கைக்கு ஏதாவது வேண்டும், அவ்வளவுதானே!

“மாமா, வேட்டி! வேட்டியைப் பாருங்கோ!”

“மடிச்சுக் கட்டச் சொல்லுறியோ?”

“கட்டாதேங்கோ! ஒருத்தரும் கட்டாதேங்கோ! கையாலை பிடிச்சுக்கொண்டு ஓடுங்கோ!”

மாமாவுக்கு அப்போதுதான் விழுந்து கிடந்த மட்டை கண்ணில் பட்டது. முகம் மலர்ந்தது. மறுபேச்சில்லாமல் தோளில் இருந்த சால்வையை இழுத்தெடுத்து, கோட்டுக்காரர் ஒருவரின் இடுப்பில், காற்சட்டைக்கு மேலே, குழந்தைக்குக் கட்டுவதுபோல் தளர்வாகச் சுற்றிவிட்டார். அடுத்த சால்வை மற்றவருக்கு. இன்னொன்று என் ஜீன்சுக்கு மேலே.

“இது அவிழும் கப்டன்,” என்றார் கோட்டுக்காரர்.

“அவிழத்தான் வேணும். பிடிச்சுக்கொண்டு ஓடு.”

அதன் பிறகு அந்தப் பூங்காவில் நடந்ததைப் பார்த்துச் சிரித்த மாதிரி நான் வேறெந்தப் பின்னேரமும் சிரித்ததில்லை. ஒன்பது பேர் துணியை அள்ளிப் பிடித்துக்கொண்டு பேஸ் பேஸாக ஓடினோம். மட்டைகள் ஒழுங்காக அடித்த இடத்திலேயே விழுந்தன. எதிரணியினருக்கோ வேறு அவஸ்தை. கையுறை போட்டுப் பழகியவர்கள், வெறுங்கையில் பந்து பட்டதும் ஊதிக்கொண்டார்கள். தபால்காரர் நல்ல பிடியொன்றை விட்டபோது கீப்பர் அண்ணை போய் அவர் உள்ளங்கையைத் தேய்த்துவிட்டு, எப்படிக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு பிடிக்கவேண்டும் என்று நடித்துக் காட்டினார். அடுத்த இன்னிங்ஸில் அந்தத் தபால்காரர் அண்ணையையே பிடித்து வெளியேற்றினார். “நல்லாப் பழக்கினீங்கள் அண்ணை!” என்று எங்கள் பக்கம் நக்கல். நான் மூன்று தரம் மட்டை பிடித்தேன், மூன்று தரமும் அவுட். அதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை.

ஐந்தாவது, கடைசி இன்னிங்ஸ். நாங்கள் மூன்று ஓட்டம் பின்னால். இரண்டு பேர் அவுட், மூன்றாமவரும் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. இரண்டாம், மூன்றாம் பேஸ்களில் எங்கள் ஆட்கள். மட்டை பிடிக்க வந்தவர் மாமா.

அதுவரை மாமா அந்த அடியை அடிக்கவில்லை. எல்லாத் தரமும் முன்னால் அடிக்கப் பார்த்து உருட்டியிருந்தார். வெட்கம் என்று நினைக்கிறேன். இப்போது இடுப்பளவில் பந்து கேட்டார். பந்து வந்தது. மாமா காத்திருந்தார். இன்னும் காத்திருந்தார். பின்னால் நின்ற பல் வைத்தியர் பந்தைப் பிடிக்கக் கையை விரித்துவிட்டார். அந்த நேரத்தில் மட்டை சரிந்து, பந்தின் தலையில் ஒரு செல்லத் தட்டு. பந்து மாமாவின் காலடிக்கு முன்னால், கோட்டுக்கு உள்ளே, ஒரே ஒரு குத்து விழுந்து, சுழன்று, வெளியே திரும்பி, மேசைகளைப் பார்த்து ஓடியது. வடைத் தட்டுகள் இருந்த மேசைக்கு அடியில் போய் மறைந்தது.

எதிரணி அசையவில்லை. செல்லாத பந்து என்று நினைத்து நின்றார்கள். எங்கள் ஆட்கள் இருவரும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் மாமா! அந்த அடியை அடித்தால் மட்டையோடு ஓடுவது மாமாவுக்கு எலும்பில் ஊறியது. ஒரு அடி வைத்தார், மட்டை கையில். இரண்டாவது அடி, மட்டை கையில். மதாமின் மூன்றாவது விரல் பாதி எழும்பிவிட்டது.

“விடுங்கோ!” நாங்கள் எட்டுப் பேரும் கத்தினோம். பார்க்கவந்த சனமும், சொல் விளங்காமலே, “விடுங்கோ! விடுங்கோ!” என்று சேர்ந்து கத்தியது. மூன்றாவது அடியில் வேட்டியின் கரை சப்பாத்தில் மிதிபட்டது. மாமா தள்ளாடினார். ஒரு கணம் மட்டையா மானமா என்று யோசித்த மாதிரி இருந்தது. இரண்டு கையும் வேட்டிக்குப் போனது. மட்டை புல்லில் விழுந்தது. மதாமின் விரல் மெதுவாக மடங்கியது.

மாமா முதலாம் பேஸைத் தாண்டினார். இரண்டாம் பேஸைப் பார்த்து ஓடினார். அதற்குள் ஒரு ஆசிரியை மேசைக்கு அடியில் புகுந்து பந்தை எடுத்து எறிந்தார். இரண்டாம் பேஸில் தபால்காரர் கையைப் பின்னுக்கு இழுத்து, வெறுங்கையால், அழகாகப் பிடித்தார். மாமா இரண்டு அடி தூரத்தில் இருக்கும்போதே பந்தால் தொட்டுவிட்டார். அவுட். ஒரு ஓட்டத்தால் தோல்வி.

பல் வைத்தியர் மட்டும் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார். பந்து செல்லாது, அந்த இரண்டு ஓட்டமும் கணக்கில் வராது என்றார். மதாம் பொக்கற்றிலிருந்து விதித்தாளை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, ஒரு தரம் வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

“பந்து நல்லது,” என்றார்.

தோற்ற எங்கள் ஆட்கள் வென்றவர்கள் மாதிரி மாமாவைத் தூக்கினார்கள். வேட்டியைப் பிடித்துக்கொண்டே மேலே போனார் மாமா.

ஐந்து இன்னிங்ஸ். ஒருவருக்கும் அடிபடவில்லை. பிறகு எல்லோரும் மேசையைச் சுற்றி நின்று வடையும் கேசரியும் சாப்பிட்டோம். பாயாசம் பாதி காரில் ஊற்றியிருந்தது, மீதி இருந்தது. மதாம் இரண்டாவது வடையைக் கையில் வைத்துக்கொண்டு, சலவைச்சாலைக்காரரைப் பார்த்து, “அடுத்த வருடம்,” என்றார். அவரும் வாயில் கேசரியோடு தலையாட்டினார். கார்கள் ரிசப்சனுக்குத் திரும்பின. என் கொப்பியை மடியில் வைத்திருந்த, ஆட்டம் பார்க்கவந்த அந்த அம்மா அதைத் திருப்பித் தந்தபோது, எங்கள் ஒன்பது பேருக்கும் எதிரே சின்னச் சின்னக் கோடாகப் போட்டு, ஓட்டங்களையும் ஆட்டமிழப்புகளையும் பிழையில்லாமல் எழுதிவைத்திருந்தார். இரண்டே பத்தி. பத்திரிகையில் நான் கண்டது போலவே.

*

எட்டாவது இடம் எங்களுடையது. ஆனால் மதாம் விடவில்லை. “இங்கே எங்கேயோ என்று சொல்லி நடக்கிறவர்களைத் தெருவில் நிறுத்தமுடியாது. சரியாக எங்கே?”

பழைய வரைபடத்தை இன்றைய தெருப்படத்துக்கு மேலே வைத்து ஒரு கிழமை அளந்தேன். ஆடுகளம் இருந்த பக்கம் ஓரளவு தெரிகிறது. அதில் ஒரு சதுரம் வரைந்தால், மட்டை பிடித்த மூலை ஒரு வீட்டின் பின்பக்கக் கராஜில் விழுகிறது. முதலாம் பேஸ் ஒரு மேப்பிள் மரத்தடியில். மூன்றாம் பேஸ் சைக்கிள் நிறுத்தும் இடத்தில். இரண்டாம் பேஸ் மூலைக்கடை டெப்பனருக்கு உள்ளேயே விழுகிறது, பால் வைக்கிற குளிர்பெட்டிக்குப் பக்கத்தில்.

அந்தக் காலத்தில் பேஸ் என்றால் மண் நிரப்பிய துணிப்பை. மாமா தான் வான் ஓட்டுகிற பேக்கரியில் இருந்து வெறும் மாப் பைகள் நான்கு கொண்டுவந்து தந்திருக்கிறார். மூன்றுக்கு இடம் பிரச்சினையில்லை, கராஜ் வீட்டுக்காரரும் ஓம் என்றுவிட்டார். நாளைக் காலை நாலாவதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அளவு நாடாவோடு அந்த டெப்பனருக்குள் போகப்போகிறேன். பால் பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் ஒரு பின்னேரம் இதை வைக்கலாமா, நாற்பது பேர் வந்து பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்கவேண்டும். பிரெஞ்சு வசனத்தை மெற்றோவில் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறேன். கடைக்காரர் முடியாது என்று சொன்னால் ஒரு பை பால் வாங்குவேன். வாங்கிக்கொண்டு, திரும்பவும் கேட்பேன்.